என் மாமியாரின் குடல்

என் மாமியார் சிந்தாமணியின் குடலைப் பற்றிப் பேசாத வாய் எங்கள் சொந்தபந்தத்தில் கிடையாது. அந்தக் குடலைக் கெடுத்தவள் நான் என்பதுதான் பேச்சு. ஆகவே அதைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லும் உரிமை எனக்குத்தான் இருக்கிறது.

நான் மேகலா. பிறந்தது கிழக்கே தா.பழூர். வாழ்க்கைப்பட்டது பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு கிராமம். பெரம்பலூரில் ஒரு லேபில் பதினோரு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று ஊரார் கொண்டுவருவதை டப்பாவில் வாங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. என் கணவர் குழந்தைவேல் ஊர் முக்கில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். ஊரில் டாக்டர் இல்லை. அதனால் அவர்தான் டாக்டர். யாரும் வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள், அவர் உட்பட.

அத்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், சின்ன வெங்காய அறுவடை முடிந்த கையோடு. அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஒரு நாளைக்கு எட்டு முறை, சில நாள் பத்து முறை. ரத்தம் இல்லை, சீதம் இல்லை, காய்ச்சல் இல்லை. வெறும் தண்ணீர். இருபது ஆளை வைத்துப் பருத்திக் காட்டை மேய்த்த மனுஷி, கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தினார், எழவுக்குப் போவதை நிறுத்தினார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கக்கூஸ் எங்கே என்றுதான் முதலில் கண் போகும். ஒரே வருடத்தில் ரவிக்கை எல்லாம் தொளதொளத்துப் போயின.

என் கணவர் தன் கடையிலிருந்த அத்தனை வயிற்று மாத்திரைகளையும் கொடுத்துப் பார்த்தார். பூச்சிக்கு ஒன்று, அமீபாவுக்கு ஒன்று. இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் பழையபடி. நான் ஆறு முறை மலத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தேன். கிருமி இல்லை, புழு முட்டை இல்லை. ஆறு முறையும் ஒன்றுமில்லை என்றே எழுதினேன். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் கொலோனோஸ்கோபியும் செய்தோம். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்த்துவிட்டு, குடல் நார்மல், புண்ணோ கட்டியோ எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புற்றுநோய் இல்லை என்று என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தைக்கு முகம் செத்துவிட்டது. "ஒண்ணுமில்லையாமா? அப்ப நான் பொய்யா போறேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் என் நாத்தனார் வளர்மதி வந்து உட்கார்ந்தாள்.

வளர்மதி என் கணவருக்குத் தங்கை. ஜெயங்கொண்டத்தில் இருக்கிறாள். "ஸ்கேன்லயும் தெரியல, டியூப் வுட்டும் தெரியலன்னா என்னாண்ணே அர்த்தம்? யாரோ சோத்துல இடுமருந்து வெச்சிருக்காங்க" என்றாள்.

இடுமருந்து என்றால் எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வேண்டாத ஆளுக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும், எந்த மெஷினுக்கும் அகப்படாது என்பார்கள். மெஷினில் தெரியவில்லை என்பதே அதற்குச் சாட்சி. அந்த வீட்டில் மூன்று வேளையும் சோறு ஆக்கியவள் நான். யாரையும் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

"ஆறு தடவ டெஸ்ட் பண்ணியிருக்கேன், அப்படி எதுவுமில்லைங்க" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"ரிப்போர்ட்டு எழுதுறதே நீங்கதானே அண்ணி?" என்றாள் வளர்மதி. என் கணவர் தரையைப் பார்த்தார். பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கைக்குச் சொந்த வீட்டில் கிடைத்த மரியாதை அது.

ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ஆள் இடுமருந்து எடுக்கிறார் என்று கூட்டிப் போனார்கள். நானும் போனேன். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். அந்த ஆள் பேச்சோடு பேச்சாக, "மருமவ எந்த ஊரு?" என்று கேட்டார். "தா.பழூருங்க" என்றாள் வளர்மதி. பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, "கெழக்கேருந்து வந்த கை ஒண்ணு தெரியுது" என்றார். என் கணவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்திருந்தால் அங்கேயே அடித்திருப்பார்கள்.

பிறகு அத்தையின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, வாழை இலையில் கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பினார். அதில் முடி இருந்தது. அத்தை அலறிவிட்டார். என் கைப்பையில் எப்போதும் நாலு சாம்பிள் டப்பா கிடக்கும். யாரும் பார்க்காதபோது கொஞ்சம் வழித்துப் போட்டுக்கொண்டேன். மறுநாள் லேபில் பார்த்தால் அது ஆட்டு முடி, கூடவே கருப்பட்டிப் பாகு. மத்தியானம் கடைக்கே போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "அதயும் நீதானே பாத்தே?" என்றார்.

அந்த ஆள் போகும்போது ஒரு பத்தியம் சொல்லி அனுப்பியிருந்தார். பதினைந்து நாளைக்கு இங்கிலீஷ் மாத்திரை ஒன்றுகூடத் தொடக்கூடாது. அத்தை தொடவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து போக்கு குறைந்தது. பதினைந்தாம் நாள் இரண்டு முறைதான் போனார். வீடே அந்த ஆளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. எனக்கே குழப்பமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்தியத்துக்குக் கூடவே தங்கியிருந்த வளர்மதி ஊருக்குப் போனாள். அதுவரை அவள் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் விடவில்லை. போனபிறகு வேறு வழியில்லாமல் இரண்டு நாள் நான் சமைத்தேன். ஒரு ரசம், ஒரு கீரை, அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் போக்கு திரும்பிவிட்டது, முன்னைவிட மோசமாக.

இனி என்ன சாட்சி வேண்டும்? எடுத்தால் நிற்கிறது, மருமகள் அடுப்பைத் தொட்டால் திரும்புகிறது. என் கணவருடைய பெரியப்பா சாமிதுரை எங்கள் பங்காளிகளில் பெரியவர். அவர் வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். பங்குனியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது எல்லார் முன்னாலும் நான் கற்பூரத்தை அணைத்து, கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் தா.பழூருக்கே போய்விட வேண்டும். அதுவரை அடுப்பைத் தொடக்கூடாது.

சத்தியம் செய்தால் துணிந்தவள் என்பார்கள், செய்யாவிட்டால் செய்தவள் என்பார்கள். எப்படியும் என் பெயர் போனது போனதுதான். என் கணவர் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தார். அத்தை தள்ளாடித் தள்ளாடித் தனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டார். ஆனால் அத்தையின் நனைந்த புடவைகளை அலசுவது மட்டும் என் வேலையாகவே இருந்தது. ஆக்குகிற கையில்தான் விஷம் இருந்தது போலும், அலசுகிற கை சுத்தமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு நாள் அரியலூரில் அத்தையின் அண்ணன் இறந்துபோனார். போகாமல் தப்ப முடியாத சாவு. அத்தை காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் என்னோடு பஸ்ஸில் வந்தார். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி நின்று பஸ் நகரவில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. "இறக்கிவுடச் சொல்லு" என்றார். நான் எழுந்து கண்டக்டரைக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நான் என் துப்பட்டாவை அவிழ்த்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி, வழியிலேயே இறக்கி, புளியமரத்தடியில் தண்ணீர் பாட்டிலால் கழுவிவிட்டேன்.

அத்தை அழவில்லை. காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ. உன் கையால செத்தாலும் செத்துட்டுப் போறேன்."

அந்த நிலையிலும் என் கையால்தான் சாவாராம். எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. போகவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நோய் தெரிந்தால்தான் என் பெயர் பிழைக்கும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் லேபுக்கு வாரம் இருமுறை டாக்டர் காசிநாதன் வருவார். சதைத் துண்டுகளைப் பார்த்து நோய் சொல்கிறவர். அத்தையின் பழைய ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினேன்.

"பயாப்ஸி எடுத்தாங்களா?"

"இல்ல சார். பாக்க நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டாங்க."

"கண்ணுக்கு நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமாம்மா? அப்புறம் நீயும் நானும் எதுக்கு மைக்ராஸ்கோப்பக் கட்டிக்கிட்டு அழுவுறோம்? பெருங்குடல்ல ஒரு வீக்கம் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வயசான பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். அங்கங்க சதையக் கிள்ளி எடுத்துப் பாத்தாத்தான் மாட்டும்."

திருச்சியில் ஒரு குடல் மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா மறுபடி குழாய் விட்டார். இந்த முறையும் குடல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வலப்பக்கம், இடப்பக்கம் என்று எட்டு இடத்தில் எள்ளளவு சதை கிள்ளி எடுத்தார். முடிவு வந்தபின் அந்தச் சதையைச் சீவி ஒட்டியிருந்த ஸ்லைடு கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி வந்து காசிநாதன் சாரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். குடலின் மேல்தோல் வரிசைக்குள் கறுப்புக் கறுப்பாகச் சின்ன அணுக்கள், பொரியில் எறும்பு மொய்த்தது போல. இருக்கக் கூடாத இடத்தில், இருக்கக் கூடாத எண்ணிக்கையில். மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் என்றார் சார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையை நாசம் செய்தது எவ்வளவு சின்னதாக இருந்தது!

சிகிச்சைக்குப் போனபோது என் கணவரும் திருச்சிக்கு வந்தார். மருத்துவர் அம்மா கேட்டார். "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அத்தை பெருமையாகச் சொன்னார். "மூட்டு வலிக்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு. மூணு வருசமா எம்புள்ள தெனம் அவன் கையாலயே எடுத்துக் குடுப்பாம்மா."

"யார் எழுதிக் கொடுத்தது?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். "பழைய சீட்டு ஒண்ணு இருந்துச்சு மேடம்."

"ரெண்டையும் இன்னைக்கே நிறுத்துங்க. இதனால மட்டும்தான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரெண்டு வகை மாத்திரையும் நாள்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு இந்த நோய் வர்றது நாங்க அடிக்கடி பாக்குறது. நடுவுல எப்பயாவது நிறுத்தினீங்களா? அப்ப எப்படி இருந்துச்சு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தியம் இருந்த பதினைந்து நாள். அந்த ஆள் குழலால் உறிஞ்சியதில் நின்றது அல்ல, மாத்திரையை நிறுத்தியதில் நின்றது. நான் ரசம் வைத்ததால் திரும்பியது அல்ல, மூட்டு வலி தாங்காமல் மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததால் திரும்பியது. அதை அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். மருத்துவர் அம்மா தலையாட்டினார். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் கடையிலேயே இருந்துவிடும் நாட்களில் அத்தைக்கு அந்த மாத்திரைகளை நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தபிறகு என்ன செய்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே.

புடெசோனைடு என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அத்தை கக்கூஸிலிருந்து, "மேகலா, ஓடியா, வந்து பாரேன்" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. பதினோரு வருடத்தில் எவ்வளவோ மலம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்ததில்லை. அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "பாவி நான், உன்னையப் போயி என்னென்னமோ பேசிட்டேன்டி. கோயில்ல நாலு பேரு முன்னால நானே சொல்றேன். நீ சத்தியம் பண்ண வேணாம்."

நானும் அழுதேன். நம்பினேன். என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

கோயில் பொங்கலுக்கு முதல் நாள் என் கணவரிடம் கேட்டேன். "நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"சரியாப் போச்சுல்ல, வுடு மேகலா. கடைன்னு ஒண்ணு இருக்கு. ஊர்ல பாதிப் பேருக்கு மூட்டு வலிக்கு நான்தான் குடுக்குறேன். நம்ம மாத்திரையாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் படியேறுவானா?"

"அப்ப நான் விஷம் வெச்சவளாவே இருக்கணுமா?"

"யாரும் அப்படியெல்லாம் நெனைக்க மாட்டாங்க" என்றார், அப்படி நினைத்த ஆள்.

மறுநாள் கோயிலில் பொங்கல் பொங்கி, படையல் முடிந்து, இலை போடும் முன் சாமிதுரை மாமா தொண்டையைக் கனைத்தார். நாற்பது பேர் இருந்தோம். "என்னா சிந்தாமணி, ஒடம்பு தேறிடுச்சு போலிருக்கே?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆமாம் மச்சான். ரஞ்சன்குடி பக்கம் எடுத்தாரே, அதுல வேரோட போயிடுச்சு" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "சத்தியமெல்லாம் வேணாம். சின்னப் பொண்ணு, ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிருச்சு. நான் மனசுல வெச்சுக்கல, மன்னிச்சுட்டேன்" என்றார்.

நாற்பது பேரும் அத்தையின் பெருந்தன்மையில் உருகினார்கள். "வேற யாருக்கு வரும் இந்த மனசு" என்று ஒரு குரல் கேட்டது. "அத்தை கால்ல வுழுந்து கும்புட்டுக்கோம்மா" என்றார் சாமிதுரை மாமா.

செய்யாததற்குத் தண்டனை தருவார்கள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். செய்யாததற்கு மன்னிப்பு தருவார்கள் என்று நினைக்கவே இல்லை. தண்டனையை மறுக்கலாம், மன்னிப்பை எப்படி மறுப்பது?

நான் விழவில்லை. நின்றபடியே சொன்னேன். திருச்சி, எட்டுத் துண்டு சதை, நோயின் பெயர், மூட்டு வலி மாத்திரை, பதினைந்து நாள் பத்தியம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "இவங்களுக்கு நான் எதையும் வெக்கல. மாத்திரை குடுத்தது உங்க வூட்டுப் புள்ளை" என்று முடித்தேன். யாரோ ஒருவர், "சரி சரி, எல போடுங்கப்பா, வெயில் ஏறுது" என்றார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

நான் சாப்பிடாமல் வந்து சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றேன். தா.பழூருக்கா வீட்டுக்கா என்று முடிவு செய்யவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சாமிதுரை மாமாவின் மனைவி கலியம்மாள், முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"அந்த மாத்திரை ரோஸ் கலர் அட்டைதானே?"

"ஆமாம் பெரியத்தை."

"எனக்கும் ஒண்ணர வருசமா தண்ணியாத்தான் போவுது. கொழந்தவேலுதான் குடுக்குறான்." அவர் குரல் தேய்ந்தது. "நானும் ரஞ்சன்குடி பக்கம் போயிட்டு வந்தேன். வூட்டுலயே இருக்குற கைன்னு சொன்னாரு."

எனக்குப் புரிந்தது. அவர் மருமகள் லாவண்யா போன வைகாசியிலிருந்து அப்பா வீட்டில் இருக்கிறாள். குணம் ஒத்துவரவில்லை என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். கைக்குழந்தையோடு போனாள்.

"எனக்கும் அதேதான்னு சொல்ல முடியுமா?"

"டாக்டர்தான் சொல்லணும். சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"என்னைய ஒரு எட்டு திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா? உங்க மாமாவுக்குத் தெரிய வேணாம். லாவண்யா காதுக்கும் போயிடக் கூடாது. நாலு பேரு சிரிப்பாங்க."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நான் அதை விலக்கிவிட்டேன்.

"கூட்டிட்டுப் போறேன் பெரியத்தை. ஆனா மொதல்ல நீங்களே போயி லாவண்யாவக் கூட்டிட்டு வாங்க. எதுக்கு அனுப்புனீங்கன்னு அவ அப்பா அம்மா முன்னால சொல்லிக் கூட்டிட்டு வாங்க. அவ வந்து திருச்சி பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான் நான் ஏறுவேன்."

கலியம்மாள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தேன்.